சொந்த மருந்தகமா, செயின் கடை வேலையா? மலேசிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாயான் பாரு வாசகி: செயின் கடை ஒன்றில் நான்கு வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். கையில் 80,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. சொந்தக் கடை போடலாமா?

இப்போது வேண்டாம். கடைவீட்டு முன்பணத்துக்கே ஏறக்குறைய மூன்று மாத வாடகை போய்விடும். அப்புறம் அலமாரி, ஏர்கான், இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கும் குளிர்பெட்டி, மருந்துச் சரக்கு. முதல் வருடம் உங்களுக்குச் சம்பளம் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். பணத்தைவிட நேரக் கணக்கு முக்கியம். தினமும் 12 மணி நேரம் திறந்தால் வாரத்துக்கு 84 மணி. மருந்தாளர் இல்லாத நேரத்தில் குரூப் பி (மருத்துவர் சீட்டு தேவைப்படுபவை), குரூப் சி (மருந்தாளரே கொடுக்கக்கூடியவை) மருந்துகளைத் தொடக் கூடாது. அப்படியானால் இரண்டாவது மருந்தாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இன்னும் ஒரு வருடம் இருக்கும் இடத்திலேயே இருந்து கொள்முதலைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதும் நூறு பெட்டி எடுத்து, காலாவதித் தேதி நெருங்கியதும் திண்டாடும் கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: இப்போதைய கடையில் என் பெயரில் இருக்கும் லைசன்ஸ் ஏ-யை, அதாவது இந்த மருந்துகளை விற்க மருந்தாளருக்குத் தரும் உரிமத்தை, புதுக் கடைக்கு மாற்றலாமா?

முடியாது. புது முகவரிக்குப் புது விண்ணப்பம் போட வேண்டும். எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும்.

செந்தூல் வாசகர்: மருந்தாளர் அல்லாத ஒருவர் கடை திறக்கிறார். என் பெயரில் லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தால் மாதம் 2,500 வெள்ளி தருவதாகச் சொல்கிறார். வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

கூடாது. ஊர்ப் பெயர் மட்டும் மாறி இதே கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப்படி அந்த லைசன்ஸ் உங்கள் பெயருக்குத் தருவது. மருந்து உங்கள் நேரடி மேற்பார்வையில்தான் கைமாற வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது கடைப்பையன் போதை தரும் கோடீன் இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாக விற்றால், அமலாக்க அதிகாரி முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.

அப்படிப்பட்ட கடையின் மருந்து விற்பனைப் பதிவேட்டைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஒரு வாரத்து வரிகள் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வாங்கியவர் பெயர் வெறும் 'முத்து'. அடையாள அட்டை எண் எழுத வேண்டிய கட்டம் காலி. இதை அதிகாரி கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகும்?

சட்டத்தை விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர் ஒருவர் மூட்டுவலி என்று வந்து டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை கேட்பார். நீங்கள் கவுண்டரில் நின்றால் இரண்டு கேள்வி கேட்டு நிறுத்துவீர்கள். பையன் எடுத்துக் கொடுத்துவிடுவான். வயிற்றில் இரத்தக் கசிவோடு அவர் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தால் 2,500 வெள்ளியை வைத்து என்ன செய்வீர்கள்? இந்த வாடகை லைசன்ஸ் கடைகளால் நேர்மையாக நடத்தும் சின்னக் கடைக்காரர்கள் பெயரும் கெடுகிறது. உங்கள் லைசன்ஸ் இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். இதை இன்னும் பத்து முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பட்டர்வொர்த் வாசகர்: ஃபார்மசி வைத்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? உடனே பதில் தேவை.

எந்த இடம், எவ்வளவு வாடகை, பக்கத்தில் எத்தனை கிளினிக், நீங்கள் மருந்தாளரா இல்லையா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. விவரத்தோடு எழுதுங்கள்.

செராஸ் வாசகி: செயின் கடையில் இரவு பத்து மணிவரை நிற்க வைக்கிறார்கள். ஓவர்டைம் கேட்கலாமா?

மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் என்றால் வேலைச் சட்டத்தின் ஓவர்டைம் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்திருக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: இருபது வருடக் கடை. எதிரிலேயே செயின் கடை வந்துவிட்டது. தடுக்க வழி உண்டா?

இரண்டு மருந்தகங்களுக்கு இடையே இத்தனை தூரம் வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. பால்மாவிலும் வைட்டமினிலும் அவர்களோடு விலைச்சண்டைக்குப் போகாதீர்கள், தாங்காது. 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைத்தே ஆக வேண்டும் என்பதால் வாடிக்கையாளர் எளிதில் ஒப்பிட்டுப் பார்ப்பார். கிளினிக்கிலேயே மருந்து கொடுத்துவிடுவதால் மருந்துச் சீட்டோடு வருபவர்களும் குறைவு. உங்களுக்கு ஆதாரம் மாதாமாதம் வரும் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள்தான். பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் நாடு இது. அவர்கள் பெயர், மருந்து, முடியும் தேதி எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதைத் தமிழில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பக்கத்துச் சின்னக் கடைகளோடு சேர்ந்து சரக்கு எடுத்தால் விலையும் இறங்கும்.

கெப்போங் வாசகர்: வேலையை விட்டால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) என்னாகும்?

சம்பளத்தில் முதலாளி போடும் 12 அல்லது 13 விழுக்காடு நின்றுவிடும். தனிப்பெயரில் கடை நடத்தினால் சுயதொழில் செய்வோருக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் நீங்களே கட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள்.