இல்லாத ஒருவரை இருப்பதாகச் சொல்லிவிட்டேன்

கேள்வி:

வணக்கம் மேடம்,

எனக்கு 33 வயது. பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன், தனியாக வசிக்கிறேன். முன்பு ஒருவரோடு இரண்டு வருடம் பழகினேன். சண்டை, துரோகம் என்று எதுவும் நடக்கவில்லை. ஒத்துவரவில்லை, ஐந்து வருடங்களுக்கு முன் பேசிப் பிரிந்துவிட்டோம். அதற்கு அப்புறம் யாரையும் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

உண்மையில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பகல் முழுக்கப் பிறர் வலியைக் கேட்டு, தோளையும் முழங்காலையும் பிடித்துப் பயிற்சி கொடுத்து, பேசிப் பேசித் தொண்டை வறண்டு வீடு திரும்புவேன். கதவைச் சாத்தி, சாவியை மேசைமேல் வைத்த பிறகு ஓர் அமைதி வரும் பாருங்கள், அதற்காகக் காலையிலிருந்தே காத்திருப்பேன். விளக்கைக்கூட உடனே போடமாட்டேன். சனிக்கிழமை வயலின் வகுப்பு. நெருங்கிய தோழிகள் இரண்டு பேர், அண்ணன் மகள் என்று பேசவும் சிரிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மற்றவர்களுக்கு என்னை இப்படியே விட மனசில்லை. "பழைய ஆளை இன்னும் மறக்கலையா?", "ரொம்ப எதிர்பார்க்காதே", "இப்பவே பார்த்துக்கோ, அப்புறம் யாரும் கிடைக்கமாட்டாங்க." போன மாதம் அந்த இரண்டு தோழிகளில் ஒருத்தி பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டாள். போனால் மொத்தமே நான்கு பேர். எனக்குப் பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர். அவருக்கும் விஷயம் சொல்லப்படவில்லை போல. தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுவாரம் வேலையிடத்தில் மறுபடி இதே பேச்சு. அலுத்துப்போய், "எனக்கு ஆள் இருக்கிறார், வெளியூரில் வேலை" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை கொடுத்தார்கள், ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோதுகூட அவர்கள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தைப் பார்க்கவில்லை. இப்போது பெயர் என்ன, போட்டோ காட்டு என்கிறார்கள். மூன்று வாரமாகப் பொய்க்கு மேல் பொய். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை நான் பயத்தில் ஒளிந்துகொண்டு அதற்கு நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

ஐந்து வருடம் தனியாக இருந்தபோது நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள். தூக்கம் போனது இந்த மூன்று வாரத்தில். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பொய்க்கு அப்புறம் வருகிறேன்.

"ஒளிந்துகொண்டிருக்கிறேனா" என்ற கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். நியூசிலாந்தில் 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2016ல் வெளிவந்தது. உறவில் சண்டையும் மனக்கசப்பும் வந்துவிடக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருப்பவர்கள், துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடு இருந்தார்கள். ஆக, "சந்தோஷமாக இருக்கிறேன்" என்பதை மட்டும் வைத்துப் பயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வேறு இடங்களிலும் பார்க்க வேண்டும்.

பயம் இருப்பவர்கள் என் எதிரே உட்காரும்போது ஓர் இழுபறி தெரியும். ஒருவரைப் பிடித்திருக்கும், அவர் நெருங்கினால் கால் பின்னால் போகும். ராத்திரி முழுக்க அவரையே நினைப்பார்கள், காலையில் அவர் அனுப்பிய செய்தியைத் திறக்கமாட்டார்கள். பெரும்பாலும் அது காதலோடு நிற்பதில்லை. நட்பிலும் யாரையும் ஓர் எல்லைக்கு மேல் அண்டவிடமாட்டார்கள், உதவி கேட்கக் கூசுவார்கள். உங்கள் கடிதத்தில் அந்த இழுபறியை நான் பார்க்கவில்லை. அந்த விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயந்தவராக இருந்தால் எழுந்து போக வழி தேடியிருப்பீர்கள். நீங்களோ அவர் கையையும் டம்ளரையும் கவனித்து, அவருக்காக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நூறு சதவீதம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இது ஒளிந்திருப்பவரின் கடிதமாக எனக்குப் படவில்லை.

விளக்கைப் போடாமல் உட்காரும் அந்த நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைநல மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், தனியாக இருக்க முடிவதை மனமுதிர்ச்சியின் முக்கியமான அடையாளங்களில் ஒன்றாக 1958லேயே எழுதினார். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் தன்பாட்டுக்கு விளையாடும் குழந்தையிடம்தான் அந்தத் திறன் முளைக்கிறது என்பது அவர் கருத்து. நம்பிக்கையான மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள் என்ற உறுதி உள்ளே இருப்பவருக்கே இருட்டில் சும்மா உட்கார முடிகிறது. அந்தத் தோழிகளும் அண்ணன் மகளும் உங்களுக்கு அப்படிப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன். அவர்களை விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் படுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள், வீட்டின் இன்னொரு சாவி அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும்.

"அப்புறம் யாரும் கிடைக்கமாட்டாங்க" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பயத்தையே நம் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பயம் நல்ல தரகர் இல்லை. தனியாகிவிடுவோமோ என்ற அச்சம் அதிகம் உள்ளவர்கள் தங்களுக்குப் பொருந்தாதவர்களோடும் சமரசம் செய்துகொள்கிறார்கள், திருப்தி தராத உறவையும் விட முடியாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் ஸ்டெஃபனி ஸ்பீல்மனும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் 2013ல் காட்டினார்கள். ஒத்துவராத உறவிலிருந்து பேசிப் பிரிய உங்களால் முடிந்தது. அது எல்லோருக்கும் வருவதில்லை.

சரி, பொய்க்கு வருவோம். எனக்கு மிகவும் வலித்தது அந்தக் கைகுலுக்கல்தான். யாரும் இல்லை என்று நீங்கள் உண்மையைச் சொன்னபோதெல்லாம் எதிர்க்கேள்வி கேட்டவர்கள், இல்லாத ஓர் ஆணைச் சொன்னதும் ஒரே நிமிடத்தில் நம்பிவிட்டார்கள். உங்கள் வாழ்க்கையைப் பற்றி உங்கள் வார்த்தை அவர்களுக்குப் போதவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அன்றிலிருந்து நீங்களும் உங்கள் நிஜ வாழ்க்கையை மறைத்து வைக்க வேண்டிய ஒன்றாக நடத்துகிறீர்கள். தினமும் ஒன்றை மறைத்தால் அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று மனசு நம்ப ஆரம்பித்துவிடும். உங்களுக்கு இப்போது வந்திருக்கும் சந்தேகம் அங்கிருந்து வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

"அவரோடு பிரிந்துவிட்டேன்" என்று சொல்லி முடித்துவிடலாம் என உங்களுக்கே தோன்றியிருக்கும். வேண்டாம். அடுத்த நாளே ஆறுதல் சொல்ல வருவார்கள், அதற்கு அடுத்த நாள் வேறொருவரின் போட்டோவோடு வருவார்கள். கட்டிப்பிடித்தாரே ஒருவர், அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்: "நான் சொன்னது உண்மையில்லை. கேள்வியை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் இல்லை, நான் தேடவும் இல்லை. இப்படி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது." அவருக்குக் கோபம் வரலாம், வரட்டும். பொய் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், தனியாக இருப்பதற்குக் கேட்காதீர்கள். மற்றவர்கள் கேட்டால் இதையே சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதிலோடு வருவார்கள்.

விருந்துக்குக் கூப்பிட்ட தோழியிடம் வேறு மாதிரி பேச வேண்டும், ஏனென்றால் அவள் உங்களுக்கு வேண்டியவள். "உன் அக்கறை புரிகிறது. ஆனால் என்னிடம் சொல்லாமல் இனி யாரையும் என் பக்கத்தில் உட்காரவைக்காதே. அந்த மனிதரும் சங்கடப்பட்டார்" என்று நேராகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தனியாகவே இருப்பேன் என்று யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்க வேண்டாம், உங்களுக்கே கூடக் கொடுக்க வேண்டாம். 40 வயதில் ஒருவரைப் பிடித்துப்போனால் தாராளமாகப் போய்ப் பேசுங்கள். "அன்றைக்கு அப்படிச் சொன்னாயே" என்று யாராவது கேட்டால், அன்றைக்கு அது உண்மை, அவ்வளவுதான்.

இந்த வாரமே அந்த ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்ததும் அந்த அமைதி பழையபடி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் தூக்கம் திரும்பவில்லை என்றால் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். எப்படியானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.