மியன்மாரில் பதில் ஜனாதிபதி இருக்கும்போதே இராணுவக் குழுவின் தலைவர் எப்படி நாட்டை ஆண்டார்?

தம்பி, ஹட்டனில் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் அரசியல் யாப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

இராணுவமே எழுதிவைத்த 2008 யாப்பின் 418ஆம் பிரிவுப்படி, அவசரகாலம் அறிவிக்கப்பட்டால் சட்டவாக்கம், நிறைவேற்று, நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் இராணுவத் தலைமைத் தளபதி கைக்குப் போகும். 2021 பெப்ரவரி 1இல் ஜனாதிபதி வின் மியின்ட்டைக் கைது செய்தார்கள். இராணுவம் நியமித்திருந்த துணை ஜனாதிபதி மியின்ட் ஸ்வே பதில் ஜனாதிபதியானார். அவர் போட்ட கையொப்பத்தால் எல்லா அதிகாரமும் தளபதி மின் ஆங் லைங்குக்கு மாறியது. தோட்டத்தில் பெயருக்கு ஒருவர், கணக்கும் கட்டளையும் துரையிடம் என்போமே, அதுதான்.

மறுநாளே அரச நிர்வாகப் பேரவை என்ற இராணுவக் குழு அமைந்தது. அதன் தலைவரும் மின் ஆங் லைங்தான்; அந்தப் பதவிக்குத் தேர்தலும் இல்லை, கேள்வி கேட்க பாராளுமன்றமும் இல்லை. அவசரகாலத்தை ஆறு ஆறு மாதமாக நீடித்துக்கொண்டே போனார்கள். 2021 ஓகஸ்டில் பிரதமர் பதவியையும், 2024 ஜூலையில் பதில் ஜனாதிபதியின் கடமைகளையும் தளபதியே எடுத்துக்கொண்டார். 2025 ஜூலை 31இல் பேரவையைக் கலைத்து வேறு பெயரில் ஆணைக்குழு அமைத்தபோதும் தலைவர் அவரேதான்.

இது நமக்குத் தொலைவான கதையல்ல. 1962இல் அந்நாட்டு இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, புரட்சிப் பேரவைத் தலைவராகி, கடைகளையும் வணிகங்களையும் அரசுடைமையாக்கியதில் ஆயிரக்கணக்கான தமிழர் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறினார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் மலையகத்தவர் போனதும் அதே தமிழ்நாட்டுக்குத்தான்.