செவுளில் வெள்ளைப் பஞ்சு: கால்நடை டாக்டர் கேள்வி–பதில்

கேள்வி: டாக்டர் ஐயா, மகன் சென்னையில் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தபோது ரோஸ் நிற ஆக்சலாட்டல் என்ற தொட்டிப் பிராணி ஒன்றை வாங்கிவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதன் மேல் பைத்தியம். சித்திரை பிறந்ததிலிருந்து அது சரியாகச் சாப்பிடுவதில்லை. தலைக்கு இருபுறமும் இறகு மாதிரி நிற்கும் செவுளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. வால் நுனி சுருண்டுவிட்டது. சுத்தத்தில் நான் குறை வைப்பதில்லை. வாரா வாரம் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கலர் கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறேன். மஞ்சள்தூள் போடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: மஞ்சள் வேண்டாம் அம்மா. வேப்பிலையும் வேண்டாம். மீன் கடையில் தரும் பாட்டில் மருந்துகளையும் தொடாதீர்கள். மீனோடு சேர்த்து விற்கிறார்களே தவிர இது மீன் அல்ல, தவளைக்குச் சொந்தக்காரன். தண்ணீரில் எதைக் கரைத்தாலும் அதன் தோல் உறிஞ்சிக்கொள்ளும். மீன் தாங்குகிற செம்பு கலந்த மருந்து இதைக் கொன்றுவிடலாம்.

அந்தப் பஞ்சு பூஞ்சை. தெம்பாக இருக்கும் ஆக்சலாட்டலிடம் பூஞ்சை அண்டாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் அதன் தெம்பைக் குறைத்தது இரண்டு: ஒன்று சித்திரை வெயில், இன்னொன்று உங்கள் சோப்பு.

சோப்பை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை இன்றைக்கே நிறுத்திவிடலாம். ஆக்சலாட்டலின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. இந்த பாக்டீரியா போதுமான அளவு வளர ஆறு வாரம்கூட ஆகும். நீங்கள் வாரா வாரம் அதைச் சோப்பு போட்டு ஒழித்துக்கொண்டிருக்கிறீர்கள். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பார்த்துக்கொள்கிறது. கண்ணாடி பளிச்சென்று இருக்கும், உள்ளே இருப்பது அம்மோனியா. நம் பக்கத்து போர் தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் அதன் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 8-ஐத் தாண்டும். பி.எச்.சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாக வேலை செய்யும்.

ஆகவே சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) இருக்க வேண்டும். இனிமேல் வாரத்துக்கு நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்துவிட்டுத் திரும்பப் போட்டால் போதும். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து விட்டு ஊற்றுங்கள். கலர் கல்லை எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். தரை வெறுமனே இருப்பதில் அதற்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அடுத்தது வெயில். இதன் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், அதாவது நம் ஊட்டி உயரம். தண்ணீர் 16 முதல் 18 டிகிரி இருந்தால் சுகமாக இருக்கும், 24-ஐத் தாண்டினால் அவஸ்தை. கத்திரியில் மயிலாடுதுறை வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் 30-க்குக் கீழே இறங்குமா? தொட்டி மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நேரடியாக ஐஸ் போடுவது தவறு. மூடிய பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மாற்றி மாற்றி மிதக்கவிடலாம், ஆனால் கரன்ட் போன ராத்திரியில் அதுவும் கைகொடுக்காது. நிரந்தர வழி, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின்தான். அதன் விலை பிராணியின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். வாங்கிவந்த மகன்தான் அதற்கும் பணம் அனுப்ப வேண்டும், தயங்காமல் கேளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் குளோரின் நீக்கிய தண்ணீர் எடுத்து அதில் விடுங்கள். முதல் நாள் ஐஸ் பாட்டிலால் மெதுவாக 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மறுநாள் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், 5 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கலாம். அந்தக் குளிரில் பூஞ்சை வளர்ச்சி மந்தமாகும். தினமும் தண்ணீரை முழுவதுமாக மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரும் அதே ஃப்ரிட்ஜில் குளிர்ந்ததாக இருக்கட்டும். தோசை மாவுக்குப் பக்கத்திலா என்று வீட்டில் சண்டை வரும், அது நியாயமான சண்டைதான். இந்த வகைப் பிராணிகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். டப்பாவை இறுக மூடி வையுங்கள், தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சோப்புக்கு இங்கேதான் வேலை.

நாட்டு வாதுமை மரம் உங்கள் தெருவிலேயே இருக்கும். தானாகக் காய்ந்து விழுந்த இலை ஒன்றைக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். அதிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து பூஞ்சைக்கு ஆகாது. தண்ணீர் பால் விடாத டீ நிறமானால் பயப்பட வேண்டாம். அதிலும் அடங்கவில்லை என்றால் உப்புக் குளியல்: லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு, பத்து நிமிடம், காலையும் மாலையும். வேதாரண்யம் கல் உப்பு என்றாலும் பாக்கெட்டைத் திருப்பி அயோடின் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் செவுள் வெந்துவிடும், ஆகவே பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வளர்ந்த ஆக்சலாட்டல் ஒரு வாரம் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். தேறியதும் மண்புழு கொடுங்கள், உரமும் பூச்சிமருந்தும் படாத வாழைக்கொல்லையிலிருந்து எடுத்ததாக. மண்புழு உரக்குழியில் இருக்கும் சிவப்புப் புழு கசக்கும், பெரும்பாலும் துப்பிவிடும்.

நான் ஆயுள் முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தவன், தொட்டி வளர்ப்பு ஓய்வுக்குப் பிறகு வந்த ஆசை. அதனால் பஞ்சு பரவினாலோ, செவுள் கரையத் தொடங்கினாலோ என் பதிலை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இரண்டு ஆக்சலாட்டல்களை ஒரே தொட்டியில் விட்டோம். ஒன்று மற்றதன் முன்னங்காலைக் கடித்துவிட்டது. களிம்பு தடவலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: களிம்பு வேண்டாம். உடனே தனித்தனியாகப் பிரியுங்கள். குளிர்ந்த, சுத்தமான தண்ணீர் இருந்தால் எலும்பு, நரம்பு, விரலோடு கால் திரும்ப முளைத்துவிடும். குட்டிக்குச் சில வாரம், பெரியதற்குச் சில மாதம். இந்த வித்தைக்காகவே விஞ்ஞானிகள் இதை விடாமல் ஆராய்கிறார்கள். 2018-ல் இதன் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தபோது அது மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு பெரியதாக இருந்தது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் பிரித்தே வையுங்கள். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், வாங்க ஆள் கிடைக்காது.

கேள்வி: வளர்க்க முடியவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் விட்டுவிடலாமா?
– வாசகர், குத்தாலம்

பதில்: கூடவே கூடாது. அந்தச் சூட்டில் அது பிழைக்காது. சாவதற்குள் நம் தவளைகளுக்கு வெளிநாட்டு நோயைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இது சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினம். 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்புறம் சில்லர் வைத்து வளர்ப்பவர் யாராவது இருந்தால் முறைப்படி கொடுத்துவிடுங்கள்.