காலைத் தும்மலும் மூக்குச் சொட்டு மருந்தும்

கேள்வி: எனக்கு வயது 36. ஆறு மாதமாகக் காலையில் எழுந்ததும் பதினைந்து, இருபது தும்மல் வருகிறது. மூக்கு தண்ணீராக ஒழுகுகிறது. மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். காய்ச்சல் இல்லை. இரவு மூக்கடைப்புக்காக மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை இரண்டு மாதமாகப் போடுகிறேன். இப்போது அது இல்லாமல் தூங்க முடியவில்லை. இது சைனஸா? டாக்டரிடம் போக வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: போக வேண்டும், இந்த வாரமே. தும்மலைவிட அந்தச் சொட்டு மருந்துதான் அதற்கு முதல் காரணம்.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகைச் சொட்டுகள் மூக்கின் உட்சவ்விலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கின்றன. ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். அடைப்புக்காகச் சொட்டு, சொட்டினால் மறுபடி அடைப்பு என்று சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். பாட்டிலில் என்ன மருந்து என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறொரு மூக்கு ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டு, ஒரு துளையில் மட்டும் சொட்டை முதலில் நிறுத்தி, அது திறந்த பிறகு மறு துளையிலும் நிறுத்தச் சொல்வார்கள். நடுவில் சில இரவுகள் சிரமமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி தும்மலுக்கு வருவோம். சளிக்காய்ச்சலில் வரும் தும்மல் தொண்டை வலியோடு தொடங்கி, மூக்குநீர் கெட்டியாகி, பத்து நாளுக்குள் அடங்கிவிடும். சைனஸ் அழற்சி என்றால் முகத்தில் பாரமும் வலியும், கெட்டியான மஞ்சள் சளியும், வாசனை தெரியாமையும் இருக்கும். உங்களுக்கோ அரிப்பு, தெளிந்த நீர், தினமும் ஒரே நேரம், ஆறு மாதம். இது ஒவ்வாமைத் தும்மலின் அடையாளம். மூக்குச் சவ்வில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சுரந்து நரம்பைத் தூண்ட, மூளைத்தண்டு அதைத் தும்மலாக வெளியே தள்ளுகிறது.

எழுந்தவுடன் வருவதால் படுக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் துகள்களைத் தின்று வாழும் தூசி உண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் கழிவு மூக்கில் ஏறுவதுதான் தொந்தரவு. விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெறும் குளிர்ந்த நீரில் அலசினால் உண்ணி சாகாது. மெத்தையை வெயிலில் காயவைத்துத் தட்டும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். படுக்கையறையில் கொசுவத்தியும் சாம்பிராணியும் வேண்டாம். அந்தப் புகை ஏற்கெனவே புண்பட்ட சவ்வை இன்னும் உறுத்தும்.

டாக்டர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். சரியான அளவில் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பலருக்கு இது பலன் தராமல் போவது அடிக்கும் முறையால்தான். மூக்கை மெதுவாகச் சிந்திவிட்டு, தலையைச் சற்றே முன்னால் குனியுங்கள். இடது துளைக்கு வலது கையையும், வலது துளைக்கு இடது கையையும் பயன்படுத்துங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், அதே பக்கக் கண்ணின் ஓரத்தை நோக்கி இருக்கட்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். மெதுவாக மூச்சை இழுத்தபடி அழுத்துங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். கசப்புத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தும்மலையும் குறைக்கும், ஆனால் சிலருக்குத் தூக்கம் வரும். வண்டி ஓட்டுபவர் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லதே. ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீரில் மட்டும். குழாய்நீரிலோ கிணற்றுநீரிலோ இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து.

தும்மலை மூக்கைப் பிடித்து, வாயை மூடி அடக்காதீர்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் 34 வயது ஆண் ஒருவருக்கு அப்படி அடக்கியதில் தொண்டையே கிழிந்ததாக 2018-இல் ஒரு மருத்துவ இதழில் செய்தி வந்தது. முழங்கை மடிப்பில் தும்முங்கள்.

தும்மலோடு இளைப்போ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பல நேரம் சேர்ந்தே இருக்கும். சளியில் அடிக்கடி ரத்தம், ஒரு பக்கம் மட்டும் தொடரும் அடைப்பு ஆகியவற்றுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒரு துளையில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் மணியோ புளியங்கொட்டையோ உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டில் குடைந்து எடுக்க முயலாதீர்கள். தலையில் அடிபட்ட பிறகு குனிந்தால் ஒரு துளையிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீராக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏதாவது சாப்பிட்ட, மருந்து எடுத்த அல்லது குளவி கொட்டிய சில நிமிடங்களில் தும்மலோடு உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் 108-ஐ அழையுங்கள்.