குழாயும் பற்சில்லும் கீறாமல் வந்த விதம்: பிராக்டல் படங்கள் பற்றிய கேள்விகள்

பிராக்டல் என்பது ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கணினி உருவாக்கும், எவ்வளவு கிட்டப் போனாலும் புது விவரம் தெரியும் உருவம். அப்படி நான் செய்த, இயந்திரம் போலத் தெரியும் படங்களைப் பார்த்துப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பதில்கள் இதோ.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: அண்ணா, படத்தில் குழாய், பற்சில்லு, இரும்புக் கூடம் எல்லாம் தெரிகிறது. ஒவ்வொன்றாகக் கீறினீர்களா?

ஒன்றையும் கீறவில்லை, தங்கச்சி. அது மண்டெல்பொக்ஸ் என்ற உருவம். டொம் லோ என்பவர் 2010இல் கண்டுபிடித்தது. முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியை எடுங்கள். அதன் ஆள்கூறு (x, y, z) எதுவும் 1ஐத் தாண்டினால் 2இலிருந்து கழித்து உள்ளே மடிக்க வேண்டும். −1க்குக் கீழே போனால் −2இலிருந்து கழிக்க வேண்டும். பிறகு, மையத்துக்குக் கிட்ட நிற்கும் புள்ளியை ஒரு கோள விதி வெளியே தள்ளும். அப்புறம் ஒரு எண்ணால் பெருக்கி, தொடங்கிய புள்ளியைக் கூட்டுகிறோம். இதையே திரும்பத் திரும்பச் செய்தும் தூர ஓடிவிடாத புள்ளிகள்தான் நீங்கள் பார்த்த இரும்பு.

மடிப்பினால் தட்டையான சுவரும் செங்கோணமும் வருகின்றன. கோள விதியால் வளையமும் குழாயும் வருகின்றன. இரண்டும் ஒன்றாக நிற்கும்போது கண் அதை இயந்திரம் என்றே எடுத்துக்கொள்கிறது. பெருக்கும் எண்ணை 2இலிருந்து −1.5க்கு மாற்றிப் பாருங்கள், முழுக் கட்டடமும் வேறாகிவிடும்.

அதே மாணவி: எங்கள் சிக்கலெண் பாடத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 1980இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பெனுவா மண்டெல்புரோட் கணினியில் ஆராய்ந்த தொடை (set) மண்டெல்பொக்ஸுக்கு மூத்த உறவு. பூச்சியத்தில் தொடங்கி, வர்க்கித்து, ஒரு சிக்கலெண் மாறிலியைக் கூட்டுங்கள், வரும் விடைக்கும் அதையே திரும்பச் செய்யுங்கள். மாறிலி 1 என்றால் 1, 2, 5, 26 என்று ஓடிவிடும். −1 என்றால் −1, 0, −1, 0 என்று அங்கேயே நிற்கும். ஓடாத மாறிலிகள் தொடைக்குள். விடையின் மட்டு (பூச்சியத்திலிருந்து உள்ள தூரம்) 2ஐத் தாண்டினால் இனித் திரும்பாது என்று நிறுவலாம். ஒரு பின்னேரம் இருந்து நிறுவிப் பாருங்கள், கட்டாயம் பிடிக்கும்.

மாங்குளம், கடை வைத்திருப்பவர்: தம்பி, இது இப்ப எல்லாரும் போடுற ஏஐ படம்தானே?

இல்லை ஐயா. ஏஐ ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியது. இங்கே சூத்திரமும் சில எண்களும் மட்டும்தான். என் எண்களை அப்படியே தந்தால் உங்கள் கணினியிலும் இதே படம் வரும். அதனால்தான் எண்களை ஒளிக்காமல் பகிரச் சொல்கிறேன், அடுத்தவர் அங்கிருந்து தொடங்கலாம்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவன்: பழைய லப்டொப், கிராபிக்ஸ் கார்ட் இல்லை. முடியுமா அண்ணா?

முடியும் தம்பி. இந்தப் படங்களைக் கணிக்கும் மண்டெல்பல்பர் என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். இடம் தேடும்போது படத்தை 400 பிக்சல் அகலத்தில் வையுங்கள். அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் வேலை நாலு மடங்கு. பெரிய படத்தை இரவில் ஓட விடுங்கள்.

முரசுமோட்டை, ஆசிரியை: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் (மேலதிக நீரைத் திறந்துவிடும் கதவுகள்) எதிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு படம் செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

நல்ல ஆசை அக்கா. சூத்திரத்துக்கு வான்கதவு தெரியாது, நீங்கள்தான் உள்ளே போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். மண்டெல்பொக்ஸின் சுவரோரமாக நகர்ந்தால் ஒரே மாதிரியான தூண்கள் வரிசையாக வரும் இடங்கள் கிடைக்கும். பிராக்டலுக்குச் சொந்த அளவு கிடையாது. அதே இடம் ஒரு ஆணியாகவும் தெரியும், ஒரு நகரமாகவும் தெரியும். பெரிதாகக் காட்டக் கமராவைக் கீழே இறக்கி, தூரத்தில் மெல்லிய பனிப்புகார் போடுங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து, தாழ்வாக வரட்டும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாப் பக்கமும் வெளிச்சம் போட்டு ஏழு நிறமும் பூசுகிறார்கள். அதில் இரும்பின் பாரம் போய்விடுகிறது. துரு, சாம்பல், கொஞ்சம் நீலம் போதும். முடிந்தால் முதலில் ஒரு நெல் ஆலைக்குள் போய், பெல்ட்டிலும் சில்லிலும் தூசு எங்கே படிகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

அதே ஆசிரியை: பாடசாலையில் மாட்ட ஏ3 அளவில் அச்சிடலாமா?

தாராளமாக. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல். சின்னப் படத்தை இழுத்துப் பெருப்பிக்க வேண்டாம், அதே எண்களை வைத்து அந்த அளவிலேயே புதிதாகக் கணிக்க விடுங்கள். அச்சில் கறுப்பு இன்னும் இருண்டுவிடும், நிழலைக் கொஞ்சம் வெளிறவைத்து அனுப்புங்கள்.