வகுப்பே நடக்காத பாடம்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் படிக்காத வீரரையும் களத்தில் இறக்க முடிகிறதாமே, எப்படி?

பதில்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு (உச்சநிலைப் போட்டிகள்) விதிப்படி, களமிறங்க வேண்டுமானால் பட்டத்துக்கான பாடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். சராசரி மதிப்பெண்ணும் குறையக் கூடாது. சராசரி சரிந்தால் தூக்கிவிட எளிதான பாடம் தேடுவார்கள். ஓட்டை அங்கேதான்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை ஒரு துறையின் சில பாடங்களுக்கு வகுப்பு கிடையாது, பேராசிரியர் கிடையாது. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். பெரும்பாலும் அதைத் திருத்தி தாராளமாக மதிப்பெண் போட்டவர் துறையின் அலுவலக நிர்வாகி! இப்படிப் படித்தவர்கள் சுமார் 3,100 மாணவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். அந்த நிர்வாகி ஓய்வு பெற்றதும், 2009இல் ஃபுட்பால் பயிற்சியாளர்களிடம் வீரர்களின் படிப்பு ஆலோசகர்கள் 'இனி அந்த எளிதான பாடங்கள் இல்லையே' என்று ஸ்லைடு போட்டே கவலைப்பட்டார்கள்.

கேள்வி: தண்டனை?

பதில்: 2017இல் என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழகத்தைத் தண்டிக்காமல் விட்டது. அந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தனவாம், வீரர்களுக்கு மட்டுமான சலுகை இல்லையாம். விசித்திரமான வாதம்தான். ஆனால் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், அணியின் காய சிகிச்சைப் பிரிவில் உதவிய மாணவர் ஒருவர் வீரர்களுக்குப் பாட வேலை செய்து கொடுத்ததற்கு ஃபுட்பால் அணியின் 2012, 2013 பருவங்களின் 21 வெற்றிகள் ரத்தாயின.