ஃப்ளாப்பியை மாற்றிய பிறகும் டாஸ் பழைய பட்டியலையே காட்டுவது ஏன்?

கேள்வி: பழைய 486 கணினி ஒன்றை வாங்கி டாஸ் 6.22 (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பழைய இயங்குதளம்) நிறுவினேன். ஒரு ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளையைக் கொடுத்தாலும் முதல் ஃப்ளாப்பியின் கோப்புகளே வருகின்றன. பழுது டிரைவிலா, டாஸிலா?

முதல் வேலையாக, உங்களிடம் உள்ள எல்லா ஃப்ளாப்பிகளின் மூலையிலும் இருக்கும் சிறு தடுப்பை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள். அந்தக் கணினி இப்போதைக்கு எதிலும் எழுதக் கூடாது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பட்டவன் சொல்கிறேன். 1996-இல் மதுரையில் ஒரு டிடிபி மையத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் கல்யாணப் பத்திரிகை இருந்த ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு, ஆசிரியர் ஒருவர் கொடுத்த வினாத்தாள் ஃப்ளாப்பியைப் போட்டேன். திரையில் மீண்டும் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள். எடுத்து லேபிளைப் பார்த்தேன், ஆசிரியருடையதுதான். மறுபடி செருகி, யோசிக்காமல் ஒரு கோப்பைச் சேமித்தேன். அதன் பிறகு எந்தக் கணினியில் போட்டாலும் அந்த ஃப்ளாப்பியில் கல்யாணப் பத்திரிகையின் பட்டியல்தான் வந்தது. பட்டியலில் முதலில் இருந்த கோப்பைத் திறந்தால் வினாத்தாள்! அன்றிரவு ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

நடந்தது இதுதான். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 செக்டர்கள், அதாவது துண்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 செக்டர்கள், ஒவ்வொன்றிலும் 512 பைட்டுகள். முதல் 33 செக்டர்களும் நிர்வாகத்துக்கு: ஒன்று பூட் செக்டர் (ஃப்ளாப்பியின் அமைப்பு விவரம்), ஒன்பது ஒன்பதாக இரண்டு ஃபேட் அட்டவணைகள் (எந்தக் கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்ற குறிப்பு), மீதி 14 செக்டர்களில் கோப்புகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு முறையும் மெதுவான டிரைவிடம் போய்க் கேட்காமல் இவற்றை டாஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஃப்ளாப்பி மாறிவிட்டது என்று யாராவது சொன்னால்தான் மறுபடி படிக்கும். யாரும் சொல்லாததால், என் டாஸ் பழைய அட்டவணையைத் திருத்திப் புதிய ஃப்ளாப்பியில் எழுதிவிட்டது. பெயர்ப் பட்டியலின் ஒரு செக்டரில் 16 கோப்புகள் அடங்கும். அந்த ஒரு செக்டர் போனதே ஆசிரியரின் பட்டியல் முழுவதும் போவதற்குப் போதுமாக இருந்தது.

சொல்ல வேண்டியது யார் என்றால், ஒரு கம்பி. டிரைவிலிருந்து வரும் பட்டை கேபிளின் 34-ஆவது கம்பி. ஃப்ளாப்பியை வெளியே எடுத்ததும் டிரைவ் அதில் சமிக்ஞை கொடுக்கும். புதியது உள்ளே வந்து படிக்கும் தலை ஒரு தடம் நகரும்வரை அந்தச் சமிக்ஞை நிற்கும். கம்பி அறுந்துபோனால் சமிக்ஞையே வராது, "எதுவும் மாறவில்லை" என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும்.

ஐபிஎம் பிசியின் ஆரம்பகால டிரைவ்களில் இந்த வசதியே கிடையாது. எம்எஸ்-டாஸ் 2.0 குழுவை நடத்திய மார்க் ஸ்பிகோவ்ஸ்கி ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தாராம். சக ஊழியர்கள் எவ்வளவு வேகமாக மாற்றிப் பார்த்தும் இரண்டு நொடிக்குள் முடியவில்லை. அதனால் கடைசியாகத் தொட்டு இரண்டு நொடி ஆகவில்லை என்றால் அதே ஃப்ளாப்பிதான் என்று டாஸ் நம்பியது. அதற்கு மேல் ஆகியிருந்தால் சந்தேகப்பட்டுச் சரிபார்த்தது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அறுந்த கம்பியை நம்பியதைவிட இது எவ்வளவோ மேல்.

அமிகா என்ற அந்தக் காலத்துக் கணினியில் டிரைவ் காலியாக இருந்தால் சில நொடிக்கொரு முறை "டிக்" என்று சத்தம் வரும். தலையை நகர்த்தி நகர்த்தி, ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். மெக்கின்டாஷ்காரர்கள் வெளியே தள்ளும் பொத்தானையே வைக்கவில்லை. ஃப்ளாப்பி வேண்டுமென்றால் கணினியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டுத்தான் அது வெளியே தரும். அன்று எரிச்சலாக இருந்தது. வினாத்தாள் சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் செய்தது சரி என்றே பட்டது.

உங்கள் கணினிக்கு வருவோம். டாஸ் மீது பழி போடாதீர்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள். எங்கள் மையத்தில் குற்றவாளி அதுதான், மடித்துச் செருகிய இடத்தில் ஓரக் கம்பி விட்டுப்போயிருந்தது. கேபிள் நன்றாக இருந்தால் டிரைவின் ஜம்பரை, அதாவது இரண்டு முனைகளை இணைக்கும் சிறு செருகியைப் பாருங்கள். சில டிரைவ்களில் 34-ஆவது முனையில் வட்டு மாற்றத்தைத் தருவதா, "தயார்" என்ற சமிக்ஞையைத் தருவதா என்று தீர்மானிக்க ஒரு ஜம்பர் உண்டு, பிசிக்கு வேண்டியது முன்னது. அதுவரை ஒவ்வொரு முறை ஃப்ளாப்பியை மாற்றியதும் டாஸ் வரியில் கண்ட்ரோல்-சி அழுத்துங்கள், டாஸ் மறுபடி படிக்கும்.

கேபிளை மாற்றிய பின், துளை திறந்த இரண்டு ஃப்ளாப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டு டிஐஆர் கொடுத்துப் பாருங்கள். இன்னும் பழைய பட்டியலே வந்தால் டிரைவின் பின்பக்கப் படத்தைப் போடுங்கள், ஜம்பரைப் பார்த்துச் சொல்கிறேன்.